பாட்டில் செடிகளோடு பழவேற்காட்டுக்கு

"பெட்டிய மேல போட்டுட்டு ஏறுய்யா" என்றார் கண்டக்டர்.

பொன்னேரியில் பேருந்து புறப்படத் தயாராக நின்றது. நான் பெட்டியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். எனக்கு அறிமுகமில்லாதவர்களிடம் வாதாட வராது. வாயைத் திறப்பதற்குள் எதிராளி பேசி முடித்துவிடுவார். அன்றும் அப்படித்தான் ஆகியிருக்கும். முன்வாசல் படியில் காலிக் கூடையோடு உட்கார்ந்திருந்த மீன்காரம்மா பெட்டியின் கம்பிவலை வழியாக எட்டிப் பார்த்தாள்.

"யோவ் கண்டக்டரு, உள்ள செடி கீதுய்யா. மேல போட்டா காத்துல செத்துப்பூடும். உன் பொண்டாட்டிய மேல போட்டுகினு போவியா?"

பேருந்தே சிரித்தது. கண்டக்டரும் சிரித்துவிட்டு விசில் ஊதினார். நான் ஏறிக்கொண்டேன். பெட்டியைக் கீழே வைக்க முடியவில்லை. மீன் கூடைகளிலிருந்து ஒழுகிய உப்புத் தண்ணீர் தரையெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. மடியில் வைத்துக்கொண்டேன்.

அந்த ஆப்பிள் பெட்டிக்குள் இருந்தவை செங்கொடிவேலிச் செடிகள். சிவப்பாகப் பூக்கும் மருந்துச் செடி. பூக்கும், ஆனால் விதை பிடிப்பது அரிது. மருந்து அதன் வேரில் இருக்கிறது என்பதால் வியாபாரிகள் வேரோடு தோண்டித் தோண்டிப் பல இடங்களில் இல்லாமலே செய்துவிட்டார்கள். நான் மெட்ராசில் ஒரு கல்லூரியின் தாவரவியல் ஆய்வுக்கூடத்தில் பாட்டில் கழுவுகிறவன். ஐந்தாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் மேடம் இந்தச் செடியைப் பாட்டிலில் வளர்க்க முயன்றார். பழவேற்காடு ஏரியில் ஒரு தீவுக் குப்பத்திலிருந்து நாலைந்து கொழுந்துகள் வந்தன. ஒவ்வொரு கணுவையும் துண்டாக நறுக்கி, மருந்து நீரில் கழுவி, சர்க்கரையும் உரச்சத்தும் கலந்து கட்டியாக்கிய பாகில் நட்டு, மூடி, குழல் விளக்கு எரியும் அறையில் வைத்தோம். ஒரு வாரத்தில் பாட்டில் பாட்டிலாகப் பூஞ்சை பிடித்தது. பஞ்சு மாதிரி வெள்ளையாகக் கிளம்பும், பிறகு கறுக்கும். நான்தான் எடுத்துக் கொட்டிக் கழுவினேன். ஒரே ஒரு பாட்டில் தப்பியது. அதிலிருந்து கிளைத்ததை நறுக்கி நறுக்கி உண்டாக்கியவைதான் இந்தப் பெட்டியில் இருந்த அத்தனையும்.

பாட்டிலில் பிறந்த செடிக்குக் காற்று என்றால் என்ன என்றே தெரியாது. வெளியே எடுத்து, வேரில் ஒட்டிய பாகைக் கழுவி, மணல் கலந்த மண் நிரப்பிய சிறு பையில் வைத்து, பாலிதீன் உறையால் மூடி, தினமும் கொஞ்ச நேரம் உறையைத் திறந்து மூடிப் பழக்க வேண்டும். மாதக்கணக்கில் பழக்கியிருந்தோம். ஆனாலும் புறப்படும்போது மேடம் சொன்னார்: "காத்து அடிக்கக் கூடாது, வெயில் அடிக்கக் கூடாது, உப்பு படவே கூடாது." பிறகு கொஞ்சம் தயங்கி, "வேர்ல பழைய வீரியம் இருக்குமான்னு எனக்கே தெரியாது" என்றார். அவருக்குத் தேர்வு வேலை இருந்தது. செடிகளைக் கையாண்டு பழகியவன் என்று என்னை அனுப்பினார்.

இப்படி அவசரமாக அனுப்பியதற்குக் காரணம் கன்னியம்மா. அந்தத் தீவுக் குப்பத்தில் கொழுந்தைக் கொடுத்தவள் அவள். மழைக்காலம் முடிந்ததும் ஒரு நாள் கருவாட்டுப் பொட்டலத்தோடு கல்லூரிக்கே வந்துவிட்டாள். புயலில் ஏரி கரையேறி வந்ததில் தாய்ச்செடி பட்டுப்போய்விட்டது என்றும், ஊரில் தன்னைக் குற்றம் சொல்கிறார்கள் என்றும், தை முடிவதற்குள் செடியைத் திருப்பித் தரவேண்டும் என்றும் கேட்டாள். மேடம் சரி என்றார். ஏன் தைக்குள் என்று அன்று எங்களில் யாரும் கேட்கவில்லை.

திருப்பாலைவனத்தைத் தாண்டும்போது பேருந்து நின்றுவிட்டது. அறுவடை நேரம். தார்ச்சாலையில் நெற்கதிரைப் பரப்பி வைத்திருந்தார்கள், வண்டிகள் ஏறி மிதித்துப் போனால் நெல் உதிரும் என்று. எங்கள் போளூர்ப் பக்கத்திலும் செய்வதுதான். இங்கே வைக்கோல் கனமாக இருந்தது. சக்கரத்தின் உள்ளே சுற்றிக்கொண்டு புகைய ஆரம்பித்தது. டிரைவர் கீழே படுத்து அரிவாளால் அறுத்து அறுத்து எடுத்தார். நெல்லுக்குச் சொந்தக்காரர் வரப்பில் நின்று, "பாத்து இழுங்க நைனா, நெல்லு கொட்டிடப் போவுது" என்றார். டிரைவர் சொன்ன பதிலை எழுத முடியாது.

வெயில் சன்னல் வழியாக மடியில் விழுந்தது. நான் துண்டை நனைத்துப் பெட்டிமேல் போட்டுக்கொண்டு இறங்கி, ஒரு வேப்பமர நிழலில் உட்கார்ந்தேன். உறைகளின் உட்புறம் வியர்த்திருந்தது. அதுவரை நல்லது. வியர்வை காய்ந்தால்தான் பயம்.

பழவேற்காடு போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. துறையில் கன்னியம்மாவின் மகன் தேசிங்கு காத்திருந்தான். முப்பது வயது இருக்கும். கழுத்து நரம்பு புடைத்த, அதிகம் சிரிக்காத ஆள். பெட்டிக்குள் பார்த்துவிட்டு, "இதானா?" என்று கேட்டான். அந்த ஒரு வார்த்தையில் என் தெம்பு பாதி போய்விட்டது.

"இப்ப போவ முடியாது. வாடக்காத்து ஏறிப்போச்சு. காலைல தண்ணி அமைதியா இருக்கும், அப்ப போவலாம்" என்றான். என்னை ஐஸ் வியாபாரம் செய்யும் பாய் ஒருவர் வீட்டில் விட்டுவிட்டுப் படகில் படுக்கப் போனான்.

பாய் என் வயதுக்காரர். கூச்சப்படுகிறவனை எப்படி உட்காரவைப்பது என்று தெரிந்தவர். கேள்வி கேட்காமல் சோறு போட்டார். இறால் போட்ட கத்திரிக்காய்க் குழம்பு. எங்கள் ஊரில் கத்திரிக்காயோடு கருவாடு போடுவோம். இது அதைவிட இனிப்பு. சாப்பாடு முடிந்ததும் உள்ளிருந்து ஒரு தட்டு வந்தது. ரோஸ் நிறத்தில், துண்டு துண்டாக, ஆடிக்கொண்டு. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"இது என்னங்க?"

"கடல்பாசி. பால்ல காய்ச்சி ஆறவிட்டா கட்டிக்கும். நோன்புக்குச் செய்வாங்க. விருந்தாளி வந்தாலும் செய்வாங்க."

"நாங்க செடி வளர்க்கற பாகு இதுதாங்க. பவுடரா டப்பாவுல வரும்."

பாய் உள்பக்கம் திரும்பி, "கேட்டியாம்மா? நீ கிண்டுறத மெட்ராஸ் காலேஜ்ல செடி சாப்பிடுதாம்" என்றார். திரைக்கு அப்பாலிருந்து ஒரு பெண் குரல் வந்தது: "செடியாவது நல்லாருக்குதுன்னு சொல்லிச்சா? நீங்க ஒரு நாளாவது சொன்னீங்களா?"

நான் அன்று முழுக்கச் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

மறுநாள் விடிந்ததும் படகேறினோம். இவ்வளவு தண்ணீரை நான் பார்த்ததில்லை. ஆனால் ஆழமில்லை. தேசிங்கு மூங்கில் கழியைத் தரையில் ஊன்றித் தள்ளியபடியே வந்தான். தூரத்தில் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, கையால் சேற்றைத் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பிடித்ததைப் போடும் பறியைப் பல்லில் கடித்திருந்தார்கள். இரண்டு கையும் வேலைக்கு வேண்டுமே.

"எங்கம்மாவும் அப்படித்தான்" என்றான் தேசிங்கு. "கை வெரலு மடங்கறதில்ல இப்ப. அந்த வேர்ல எண்ணெ காச்சித் தடவினாதான் காலைல கையத் தொறக்க முடியும். ஊர்ல இருக்கற பொம்பளைங்க எல்லாத்துக்கும் அதான் மருந்து."

"அதனாலதான் தைக்குள்ள கேட்டாங்களா?"

அவன் கழியை நிறுத்தினான். "அம்மா சொல்லலியா? நாளைக்குப் பாடு போடறாங்க."

ஏரியில் மீன் நன்றாக விழும் இடங்கள் சிலதான். அங்கே எந்த நாளில் யார் வலை கட்டுவது என்று ஊர் கூடிச் சீட்டு எடுத்து முறை வைத்துக்கொள்வார்கள். அதற்குப் பெயர் பாடு. சீட்டில் பெயர் இருந்தால்தான் முறை வரும். இல்லாதவன் மற்றவர்கள் விட்ட இடத்தில் துழாவ வேண்டியதுதான்.

"செடி எங்க வூட்டுப் பின்னாடி இருந்தாலும் ஊருக்குப் பொது. அம்மா ஊரக் கேக்காம அறுத்துக் குடுத்துட்டாங்க. அதனாலதான் பட்டுப்போச்சுன்றாங்க. புயல்ல ஏரி வந்து மேல நின்னுதே, அத ஒருத்தனும் சொல்ல மாட்றான். உசுரோட செடி திரும்பி வந்தாதான் என் பேரு சீட்டுல ஏறும்னுட்டாரு தலைவரு. ஒரு வருசம் பாடு இல்லன்னா நான் இன்னா பண்றது? ரெண்டு பொட்டப் புள்ளைங்க கீது எனக்கு."

அதற்குப் பிறகு எனக்கு ஏரி தெரியவில்லை. பெட்டி மட்டும்தான் தெரிந்தது.

தீவை நெருங்கும்போது படகு மணல் திட்டில் தட்டி நின்றது. அந்த அதிர்ச்சியில் பாய்மரக் கயிறு ஒன்று அவிழ்ந்து வந்து பெட்டியில் அடித்தது. கம்பிவலை பிய்ந்தது. ஓரத்தில் இருந்த ஒரு செடியின் உறை கிழிந்து இரண்டாகத் தொங்கியது. இருவரும் இறங்கிப் படகைத் தள்ளினோம். நான் ஒரு கையால் தள்ளினேன். மறு கையில் பெட்டியைத் தலைக்கு மேல் பிடித்திருந்தேன். காலில் பட்ட தண்ணீர் உதட்டிலும் தெறித்தது. நல்ல கரிப்பு.

குப்பத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் வேர் தோண்டுகிறவர்கள் வந்துவிடுவார்கள்.

கோயிலுக்கு முன்னால் மணலில் ஊர் கூடியிருந்தது. கன்னியம்மா ஓரமாக, பெண்களிலிருந்தும் தள்ளி நின்றிருந்தாள். என்னைப் பார்த்து, "வந்துட்டியா தம்பி" என்றாள். அவ்வளவுதான். அவள் விரல்கள் நண்டுக் கால் மாதிரி வளைந்திருந்தன.

தலைவர் ஏகாம்பரம் அறுபதைத் தாண்டியவர். பெட்டியை இறக்கச் சொல்லி, குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார்.

"செடின்னு சொன்னாங்க. இது கீர மாதிரி கீது."

"வளருங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"சரி, மொதல்ல மொறையச் செய்வோம். தண்ணி கொண்டாங்க."

ஒரு பெண் ஏரியிலிருந்து குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். எனக்குப் புரியவில்லை. தேசிங்குதான் காதோரம் சொன்னான். அந்த ஊரில் புது வலையானாலும் புதுப் படகானாலும் கல்யாணமாகி வந்த பெண்ணானாலும் முதலில் ஏரித் தண்ணீரை ஊற்றிய பிறகுதான் ஊருடையது. ஊற்றாத பொருளுக்கு ஊர் பொறுப்பில்லை.

எங்கள் ஊரில் ஏரித் தண்ணீர் என்றால் பயிருக்கு உயிர். இங்கே அது உப்பு. நான் குடத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அத்தனை முகங்கள். அந்தப் பெண் குடத்தைச் சாய்க்கத் தொடங்கிவிட்டாள். நான் மணலில் விழுந்து, அடியில் திறந்திருந்த உறைகளை ஒவ்வொன்றாகக் கீழே இழுத்து, பையின் கழுத்தோடு சேர்த்து நூலால் சுற்றினேன். தண்ணீர் என் முதுகில் விழுந்தது.

"இன்னாய்யா பண்றே?" என்றார் தலைவர்.

"உப்புப் பட்டா செத்துடுங்க. உறைமேல ஊத்துங்க. எவ்வளவு வேணா ஊத்துங்க. மண்ணுல மட்டும் வேணாம்."

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. "ஏரித் தண்ணி ஆவாதாமே இவருக்கு" என்றது ஒரு குரல். தலைவர் கையைத் தூக்கினார். "மழ வந்தா நாமகூடத்தான் கோணி போட்டுக்கறோம். மேல வுழுந்தா சரி, ஊத்து."

அவள் ஊற்றினாள். உறைகளில் வழிந்து மணலில் இறங்கியது. கிழிந்த உறைக்காரச் செடிக்கு மட்டும் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அதன் மண் முழுக்க நனைந்துவிட்டது.

அதோடு முடியவில்லை. தலைவர் எழுந்து வேட்டியை உதறினார். "செடி வந்துது. பழைய செடிதானான்னு எப்படித் தெரியும்? இதுல பூ இல்ல, ஒண்ணும் இல்ல."

முதல் தடவையாகக் கன்னியம்மா பேசினாள். "வேரு சொல்லும்."

இந்தச் செடியின் வேரைப் பச்சையாக அரைத்துத் தோலில் வைத்தால் மறுநாளைக்குள் கொப்புளம் கிளம்பும். அது ஊரில் எல்லோருக்கும் தெரியும். எண்ணெயில் காய்ச்சி அடக்கித்தான் மருந்தாக்குவார்கள். கன்னியம்மா பெட்டிக்குள் கைவிட்டு, உப்பில் நனைந்த அந்த ஒரு செடியைப் பிடுங்கினாள். வேர் நூல் மாதிரி இருந்தது. ஒரு கல்லில் வைத்து நசுக்கினாள். தன் கையை நீட்டினாள்.

"உன் கை ஏற்கெனவே புண்ணு. அதுல இன்னா தெரியும்?" என்றார் தலைவர்.

தேசிங்கு நீட்டினான். "நீ உங்கம்மா கட்சி" என்று யாரோ சொன்னார்கள். பிறகு பின்னாலிருந்து இன்னொரு குரல்: "கொண்டாந்தவரு கைல வெய்யுங்களேன். காலேஜி கை, வெள்ளையா கீது, நல்லா தெரியும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் கை வெள்ளை இல்லை. இருபது வருடம் சோப்புத் தண்ணீரில் ஊறி வெளிறிய கை. நான் சட்டைக் கையை மடித்து இடது முன்கையை நீட்டினேன். கன்னியம்மா விழுதை வைத்து, ஒரு துணியால் சுற்றினாள். சுற்றும்போது என்னிடம் மட்டும், "வீரியம் இருக்குமா தம்பி?" என்று கேட்டாள்.

மேடம் சொன்னதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "உங்க செடிதானேக்கா" என்றேன்.

அன்று அவள் வீட்டில் நண்டுக் குழம்பு. நல்ல சுவையாகத்தான் இருந்திருக்கும். நான் சாப்பிட்டது நினைவிருக்கிறது, சுவை நினைவில்லை. கை சும்மா இருந்தது. எரியவில்லை. கொழுந்து வந்து இரண்டு வருடங்கள் ஆகியிருந்தன. அத்தனை காலமும் சர்க்கரைப் பாகிலும் குழல் விளக்கிலும் வளர்ந்த வேர் எதைக் கண்டது என்று நினைத்துக்கொண்டே படுத்தேன்.

விடிந்ததும் துணியை அவிழ்த்தோம். லேசாகச் சிவந்திருந்தது. அவ்வளவுதான். தலைவர் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகத்தில் வன்மம் இல்லை. உண்மையில் கொப்புளத்தைத்தான் தேடினார்.

"கொசு கடிச்ச மாதிரி கீதே கன்னியம்மா."

தேசிங்கு கோயில் சுவரில் சாய்ந்து காலால் மணலைக் கிளறிக்கொண்டிருந்தான்.

பாடு தொடங்கியது. ஒவ்வொரு பெயராக உரக்கச் சொல்லி, ஊர் ஆமென்று ஒப்புக்கொண்ட பிறகு சீட்டை மடித்துப் பானைக்குள் போட்டார்கள். எல்லாப் பெயரும் உள்ளே போனதும்தான் பானையைக் குலுக்குவார்கள். குலுக்கிவிட்டால் அந்த வருடத்துக்கு அவ்வளவுதான். நான் கூட்டத்துக்குப் பின்னால் நிழலில் நின்றேன். வெயில் ஏற ஏற என் முன்கையில் ஏதோ ஊர்வது போல இருந்தது. பிறகு சுட ஆரம்பித்தது. நான் பார்க்கவில்லை. பார்த்து இல்லையென்றால் என்ன செய்வது என்று பயம். பெயர்கள் போய்க்கொண்டே இருந்தன. சுவரோரம் தேசிங்கின் கால் நின்றுவிட்டது.

"அவ்ளோதானா?" என்று கேட்டு, தலைவர் பானையின் வாயில் கையை வைத்தார்.

நான் குனிந்து பார்த்தேன். மணிக்கட்டுக்கு மேலே, விழுது இருந்த இடம் முழுக்க, புளியங்கொட்டை புளியங்கொட்டையாகத் தோல் எழும்பி நின்றது.

கூட்டத்துக்கு நடுவில் நடப்பது எனக்கு எப்போதும் கஷ்டம். கல்லூரி விழாவில் சாமான் எடுத்துப் போகக்கூட மேடைக்குப் பின்பக்கமாகத்தான் போவேன். அன்று நேராக நடந்தேன். உட்கார்ந்திருந்தவர்களின் தோளைத் தாண்டி, பானைக்குப் பக்கத்தில் போய் நின்று, கையை நீட்டினேன்.

தலைவர் பானையை விட்டுவிட்டு என் கையைப் பிடித்தார். கட்டைவிரலால் அழுத்தினார். பெரிய கொப்புளம் உடைந்து நீர் வழிந்தது. என் கண்ணிலிருந்தும் வழிந்தது.

"சுடுதா?"

"சுடுதுங்க."

அவர் நிமிர்ந்தார். "தேசிங்கு பேரச் சொல்லு."

யாரோ சொன்னார்கள். ஊர் ஆமென்றது. பானை குலுங்கியது. அவன் சீட்டு வந்தபோது கடைசிக்கு முந்தினதாக வந்தது. "இதுக்கா இந்தப் பாடு பட்டே?" என்று ஒருவன் கத்த, எல்லோரும் சிரித்தார்கள். தேசிங்கும் சிரித்தான். கன்னியம்மா வளைந்த விரல்களால் முந்தானையை வாயில் வைத்து மூடிக்கொண்டாள். அவள் சிரித்தாளா என்று தெரியவில்லை.

செடிகளைக் கோயிலுக்கு வடக்கே, மேடான இடத்தில், தென்னங்கீற்று நிழலில் வைத்தோம். கிணற்றுத் தண்ணீர் மட்டும் ஊற்ற வேண்டும், உறையைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்க வேண்டும் என்று சொன்னேன். இந்தத் தடவை என் குரல் எல்லோருக்கும் கேட்டது. முறை வைத்துப் பார்த்துக்கொள்வதாகப் பெண்கள் சொன்னார்கள். முதல் முறை கன்னியம்மாவுக்கு.

கொப்புளத்துக்குத் தேங்காய் எண்ணெய் தடவுகிறேன் என்றாள். வேண்டாம், மேடம் அப்படியே பார்க்க வேண்டும் என்றேன்.

மதியம் தேசிங்கு என்னைத் திரும்ப அழைத்து வந்தான். காற்று பின்னாலிருந்து தள்ளியது. காலிப் பெட்டி படகில் உருண்டுகொண்டிருந்தது. தண்ணீர் தெறித்தால் எரியுமே என்று இடது கையை மார்போடு அணைத்து உட்கார்ந்திருந்தேன்.

பாதி ஏரியில் அவன் பாய்க் கயிற்றைக் கட்டிவிட்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தான். "ஊரு மொறை இன்னொண்ணு பாக்கி கீது அண்ணே" என்றான். பக்கவாட்டில் குனிந்து இரண்டு கையாலும் ஏரித் தண்ணீரை அள்ளினான்.

என்னவென்று புரிந்தது. கையை மார்பிலிருந்து எடுத்து, அவன் ஊற்றுவதற்கு வாகாக நீட்டிக்கொண்டேன்.